சான்றிதழைக் கேட்காத பள்ளிக்கூடம்

வளைகுடாவில் எந்த நாடு நல்ல நாடு என்பதை, விமான நிலையத்திலிருந்து வரும் அம்பாசடர் காரின் கூரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் அல்ல. முப்பத்தொரு வயதில், எம்.ஏ., பி.எட். முடித்து, ஏழு வருடம் ஆங்கிலம் கற்பித்த பிறகு. எனவே அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நான் வேலை பார்த்த பாரலல் காலேஜ், அதாவது தனியார் டுட்டோரியல், பாறசாலையில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு மரக்கடைக்கு மேலே இருந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கித் தெற்கே போகிறவர்களின் ஒவ்வொரு காரும் எங்கள் சன்னலைத் தாண்டியாக வேண்டும். பாடம் நடத்திக்கொண்டே நான் கூரைகளை நோட்டம் விடுவேன். குவைத்துக்காரர்களின் கார் வந்தால் பெட்டி மேல் பெட்டியாக நைலான் கயிற்றில் ஆடும். அதற்கும் மேலே சுருட்டிய கம்பளி. துபாய் கொஞ்சம் குறைவு. ஓமானிலிருந்து வந்தவர் ஒரே ஒரு பெட்டியோடு, அதுவும் பேரீச்சம்பழ வாசனையோடு வந்தார். முடிந்தது ஆராய்ச்சி. குவைத் முதல் தரம், ஓமான் கடைசித் தரம். அந்தப் பெட்டிகளைக் கட்டியவர் அங்கே என்ன வேலை பார்த்தார், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வந்தார் என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடங்களின் பெயர்களைத் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு, வெளிநாடு போக நினைக்கும் இளம் ஆசிரியர்களான நீங்கள் என்னிடம் வருகிறீர்கள். "சார், எந்த நாடு சார் நல்லது?" என்கிறீர்கள். கையில் இருக்கும் கருவிதான் மாறியிருக்கிறது; கேள்வி என்னுடைய பழைய கேள்விதான். அதைக் கேட்டால் எங்கே போய் நிற்போம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் போய் நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன.

ஒன்று ஓமான். அந்தப் பள்ளியிலிருந்து மூன்று பேர் திருவனந்தபுரம் வந்து ஒரு ஓட்டல் அறையில் ஆள் எடுத்தார்கள். "எங்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை நடத்துங்கள்" என்று ஒரு புத்தகத்தை நீட்டினார்கள். நடத்தினேன். நடுவில் ஒருவர் கையைத் தூக்கி, "சார், புரியல" என்றார். மறுபடி நடத்தினேன். மறுபடியும் கையைத் தூக்கினார். அரை மணி நேரத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கடிதம் வந்தது. ஆறாம் வகுப்பு ஆங்கிலம்; மலையடிவாரத்தில் ஓர் உள்நாட்டு ஊர்; இன்னொரு ஆசிரியரோடு பங்கிட்டுக்கொள்ளும் வீடு. பட்டச் சான்றிதழில் மாநில அரசு, பிறகு டெல்லி, பிறகு தூதரகம் என்று மூன்று இடத்து முத்திரைகளோடு, குறிப்பிட்ட தேதிக்குள் காகிதங்கள் வந்து சேர வேண்டும். அந்த ஊரை என் பள்ளிக்கூட அட்லஸில் தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொன்று குவைத். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஓர் ஏஜெண்ட் இருந்தார். அவருடைய பேட்டி ஒரு சாயா குடிக்கிற நேரம்தான். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"சாறே, அந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு இங்க இருந்து வாசிப்பியளா?"

"பூவார்."

"கண்ணாடி இல்லாமலா? கொள்ளாமே, நல்ல கண்ணு!"

கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைக் கண்டுபிடிக்கும் திறமையைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நுட்பமான மனிதர் என்று வீட்டில் வந்து மெச்சவும் செய்தேன்.

ஆனாலும் முதலில் ஓமானுக்குத்தான் முயன்றேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். திருவனந்தபுரத்தில் முத்திரை வாங்கும் வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்றேன். சன்னலில் இருந்தவர் சான்றிதழை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது தமிழ்நாட்டு யூனிவர்சிட்டி ஆக்கும். சாறு மெட்ராஸுக்குப் போணும்."

"எனக்கு ரேஷன் கார்டு இங்கதான். ஓட்டும் இங்கதான்."

"ஓட்டுக்கு நான் முத்திரை குத்த மாட்டேன். அடுத்த ஆளு வாங்க!"

இது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வரும் தவறு. வீடு கேரளத்தில், பஸ் ஏறிப் பத்து நிமிடம் தெற்கே போனால் தமிழ்நாட்டுக் கல்லூரி. காலையில் போய் மாலையில் திரும்புவோம். நடுவில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது என்பது அரிசி கடத்துகிறவர்களின் கவலை. பட்டத்துக்கு ஒரு மாநிலம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சோர்வோடு திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் இறங்கி ஏஜெண்டைப் பார்த்தேன். "அட்டஸ்டேஷன் முத்திரையா? குவைத்துக்கு அதொண்ணும் வேண்டாம் சாறே. பேப்பர் காரியமெல்லாம் நான் நோக்கிக்கிடுதேன். சாறு பெட்டிய கட்டினா போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இப்படியும் நல்லவர்கள் உண்டா! கையோடு பாஸ்போர்ட்டையும் இரண்டு அசல் சான்றிதழ்களையும் உறையில் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பள்ளிக்கூடம் என்னை வியர்க்க வைத்தது. புரியவில்லை என்று இரண்டு முறை கையைத் தூக்கியது. என் பட்டம் உண்மைதானா என்று மூன்று அலுவலகங்களைக் கேட்கச் சொன்னது. இன்னொன்று எதையுமே கேட்கவில்லை. எதையும் கேட்காததை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். கேட்காதவனுக்கு வாத்தியார் தேவையில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் குவைத் விசாவின் நகல் வந்தது. முழுக்க அரபி. அக்கம்பக்கம் எல்லாம் பார்க்க வந்தார்கள். ஒருவர் முத்திரையின் வட்டத்தைப் பாராட்டினார். ஒருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்ல தெளிவாட்டு எழுதியிருக்கு" என்றார். நானோ ஆங்கில வாத்தியார், தெரியாது என்று சொல்லலாமா? "இதில் ஆசிரியர் என்று போட்டிருக்கிறது" என்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக விரலை ஓட்டிக் காட்டினேன். அரபியை எந்தப் பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது.

காலேஜில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். நாற்பது நிமிடம் நன்றியுரை ஆற்றினேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசியதால் நாற்பது நிமிடம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

மாலை நேரத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று நடத்திவந்தேன். ஒன்பது பேர். அதில் குளத்தூர் கடற்கரையிலிருந்து வருகிற ஒரு பெண். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலில் போகிறவர்கள். என் வயதுதான் இருக்கும். வளைகுடாப் போர் வருவதற்கு முன்பு குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் சமையல் வேலை பார்த்தவள். அதனால் வகுப்பில் அவளுக்கு 'குவைத்தக்கா' என்றே பெயர். உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை ஒரு கிளினிக்கில் உதவியாளாகப் போக அதே ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருந்தாள். அவளுடைய ஆங்கில உச்சரிப்பை நான் நிறையக் கிண்டல் செய்ததுண்டு.

கடைசி வகுப்பில் பெருமைக்கு விசா நகலைச் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொருவராக முத்திரையைத் தடவிப் பார்த்துக் கொடுத்தார்கள். குவைத்தக்கா மட்டும் கொடுக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"சாறே, சாறுக்குக் காரு ஓட்டத் தெரியுமா?"

"எனக்குச் சைக்கிளே தெரியாது."

"பின்ன இது எப்பிடி? இது டிரைவர் விசா ஆக்கும். வீட்டு டிரைவர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், நகைச்சுவை என்னுடைய துறை அல்லவா. அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு அரபி வாசிக்கத் தெரியுமா?"

"அந்த வீட்டுப் பிள்ளையளு பாடம் படிக்கும்போ நானும் கூட இருந்து படிச்சேன். ஒண்ணாம் கிளாஸு தொட்டு நாலு வரைக்கும். சாறே, இந்த வார்த்தைய எனக்கு உறக்கத்துல கேட்டாலும் தெரியும். அந்த வீட்டு டிரைவருக்க கார்டுலயும் இதுதான் எழுதியிருந்து."

"அங்கே போனபிறகு பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொள்ளலாமே?"

"வீட்டு விசாவுல வந்தவன் அந்த வீட்டுலதான் கெடப்பான். பாஸ்போர்ட்டு மொதலாளிக்க அலமாரியில இருக்கும். சாறு இங்கிலீஷ்ல அழுதாலும் தமிழ்ல அழுதாலும் ஒண்ணுதான்."

கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன், குடித்துவிட்டு வந்தேன், மறுபடி போனேன். மூன்றாவது முறை பானையில் தண்ணீர் இல்லை.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. விவேகமுள்ளவன் விசாவை வேண்டாம் என்றிருப்பான். நான் மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். விமானத்துக்குப் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் கற்றுக்கொண்டால் என்ன? கடிகாரம் வாங்கியாயிற்று, நாற்பது நிமிடம் பேசியாயிற்று. இனி எந்த முகத்தோடு மரக்கடை மாடிப்படி ஏறுவது? அந்த வெட்கத்துக்குப் பயந்து, தெரியாத ஊரில், தெரியாத வேலைக்கு, ஒரு வீட்டுக்குள் போய் அடைபடத் தயாராகிவிட்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் மைதானத்தில் என்னை ஒரு சுற்று ஓட்டவிட்டார். முடிந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "சாறே, வேற ஏதாம் ஜோலி நோக்குங்க" என்றார். அந்த மாதத்தில் எனக்கு உண்மை சொன்ன இரண்டாவது ஆள் அவர்.

சட்டையில் கிரீஸோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பாலராமபுரத்துக்காரி, நெசவுக் குடும்பம். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"நம்ம பசு நீங்க கயித்தப் பிடிச்சா அதுக்க இஷ்டத்துக்கு நடக்கும். நீங்க ஆருக்கக் காரயாக்கும் ஓட்டப் போறிய?"

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"ஊருக்கு இன்னொண்ணும் சொல்லிக்கிடலாம். அந்த ஓமான்காரங்களுக்க லெட்டர் எங்க?"

அது அட்லஸுக்கு அடியில் கிடந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என் பட்டத்துக்கு மெட்ராஸ், டெல்லி என்று முத்திரை வேண்டும். பட்டமோ ஏஜெண்டின் அலமாரியில்.

அன்று சாயங்காலம் முடிவு செய்தேன். குவைத்தா ஓமானா என்ற முடிவு அல்ல அது. வாத்தியாராகப் போகிறேன், இல்லையென்றால் போகவில்லை. இந்த ஒன்றை முடிவு செய்ததும் நாடு தானாகவே முடிவாகிவிட்டது. வியப்பாக இருந்தது, எத்தனை கார் கூரைகளை வீணாகப் பார்த்திருக்கிறேன்!

முடிவு செய்தது சுலபம். உறையைத் திரும்ப வாங்குவதுதான் பாடு. முதல் நாள் போனேன், ஏஜெண்ட் இல்லை. இரண்டாம் நாள், "நாளைக்கு வாங்க." மூன்றாம் நாள், "பேப்பர் பம்பாயில இருக்கு." நான்காம் நாள் அவர் குரல் மாறியது. "டிக்கெட்டு போட்டாச்சு. இனி வேண்டாம்னு சொன்னா சாறுக்க சர்ட்டிபிக்கேட்டு எப்ப வரும்னு எனக்குத் தெரியாது." விமான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓமான் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

குவைத்தக்காவிடம் சொன்னேன்.

"பம்பாயுமில்ல ஒண்ணுமில்ல சாறே. அந்தப் பச்சை அலமாரியிலதான் எல்லாருக்க பேப்பரும் கெடக்கு. எனக்கதும் அங்கதான்."

"போலீசுக்குப் போகலாமா?"

"போலாம். கேஸு முடியும்போ சாறுக்க பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருக்கும். சாறுக்கு என்ன தெரியும், அதச் செய்யுங்க."

"எனக்குப் பாடம் நடத்தத்தானே தெரியும்?"

"அதத்தான சொல்லுதேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நெய்யாற்றின்கரையில், ஏஜெண்டின் வெளியறையில் கூடியது. ஒன்பது மாணவர்கள், பத்தாவதாக என் மனைவி. அங்கே ஏற்கெனவே பதினைந்து இருபது பேர் விசா நகலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டேன். பலகை இல்லை, குரல் இருந்தது. அது நடுங்கியது. நடுங்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

"இன்றைய பாடம் கேள்வி கேட்பது. எல்லாரும் சொல்லுங்கள்: வாட் இஸ் மை ஜாப்?"

"வாட் இஸ் மை ஜாப்?" என்று அறை திருப்பிச் சொன்னது.

"வேர் இஸ் இட் ரிட்டன்?"

"வேர் இஸ் இட் ரிட்டன்?"

நான்கைந்து முறை சொல்ல வைத்தேன். பிறகு குவைத்தக்கா தன் பக்கத்தில் இருந்த இளைஞனிடம் கையை நீட்டினாள். அவன் அதியன்னூர்க்காரன், தையல் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவள் நகலை வாசித்தாள்.

"மக்கா, இதுல தையல் இல்ல. தோட்ட வேலை ஆக்கும்."

"எனக்குத் தோட்டமே இல்லியே அக்கா!"

"அங்க இருக்கும்."

அப்புறம் நாற்காலிகள் நகரும் ஓசை. "அக்கா, எனக்கத ஒண்ணு நோக்குங்க." "எனக்கதையும்." நான் வரிசையில் நிற்க வைத்தேன். வரிசையில் நிற்க வைப்பதில் எனக்கு ஏழு வருட அனுபவம் உண்டு. எல்லா விசாவும் பொய் இல்லை. ஐந்தாறு பேருக்குச் சொன்ன வேலையே எழுதியிருந்தது. அதையும் அவள் உரக்கச் சொன்னாள்.

உள்ளே இருந்து ஏஜெண்ட் வந்தார்.

"இங்க என்ன டியூஷனா?"

"ஆமாம். சன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லிக் கண் சோதித்தீர்களே, அதுபோல இவர்களையும் சோதிக்கிறேன்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சொல்லிவிட்டு என் மனைவிக்குப் பின்னால் அரையடி நகர்ந்து நின்றேன். அது நன்றாகத் தெரியும்.

அவர் என்னை விட்டுவிட்டுக் குவைத்தக்கா பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ ஆரு வாசிச்சுக் குடுக்க? உனக்க விசா அடுத்த வாரம் வருது. வேணுமா வேண்டாமா?"

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். "போதும், நாம் போகலாம்" என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கையிலிருந்த நகலை உரியவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வேண்டாம். பாஸ்போர்ட்ட எடும். சாறுக்கதையும் எடும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நாளைக்கும் கிளாஸு உண்டு."

பச்சை அலமாரி திறந்தது. என்னுடைய உறை, அவளுடைய பாஸ்போர்ட் இரண்டும் மேசையில் வந்து விழுந்தன. உறையைத் திறந்து சான்றிதழ்களைச் சரிபார்த்தேன்; இரண்டு தாளும் பாஸ்போர்ட்டும் இருந்தன. நாங்கள் விலகியதும் அதியன்னூர்ப் பையன் அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உங்கள் பட்டத்தைச் சந்தேகப்படுகிற பள்ளிக்கூடத்தை நம்புங்கள். விசாவில் எழுதியிருக்கும் வேலையை, அந்த மொழி தெரிந்தவர் வாயால் கேளுங்கள்; அவர் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம், நீங்கள் அவருடைய உச்சரிப்பைக் கிண்டல் செய்துகொண்டிருக்கலாம். வழியனுப்பு விழாவை மட்டும் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வரை தள்ளிப் போடுங்கள். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. பயந்துகொண்டே போய் நில்லுங்கள்.

அன்றிரவே மெட்ராஸ் ரயில் ஏறினேன். மெட்ராஸ், டெல்லி, தூதரகம் எல்லாம் முடிந்து என் காகிதங்கள் ஓமான் போய்ச் சேர்ந்தபோது கடைசித் தேதி கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்பு காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று தந்தி வந்தது. குவைத்தக்காவின் கிளினிக் வேலை போயே போயிற்று. பதினான்கு மாதம் கழித்து, வேறு ஊர் ஏஜெண்ட் மூலமாக, ஷார்ஜாவில் ஒரு பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். நான் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். 'ஏ ஃபார் ஆப்பிள்' முடித்தவர்களுக்கு நான்கு வருடம் வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன், பிறகு ஆறாம் வகுப்பு கிடைத்தது. அட்லஸில் புள்ளி இல்லாத அந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்தேன்.